நாற்காலிக்கு அடியில் ஒரு கருவை

நேற்று இல்லை. நேற்று சாயங்காலம் இந்த ஹாலை நான்தான் துடைத்தேன், மூலைமுடுக்கெல்லாம் துடைத்தேன், துணியை அலசி அலசித் துடைத்தேன், இங்கே ஒன்றும் இல்லை. சரி, பெஞ்சுக்கு அடியில் துடைக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் எந்த மகராசி தினம் துடைக்கிறாள்? அந்தப் பெஞ்சு போட்டது போட்டபடி கிடந்தது, மேலே விரித்த போர்வை தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது, இன்று காலையில் புரோக்கர் மலைச்சாமி போன் போட்டு, "அக்கா, அந்தப் பெஞ்சைப் பின்னாடி தூக்கிப் போட்டுருங்க, ஹாலு பெருசாத் தெரியட்டும்" என்றான், நானும் இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் போட்டுவிட்டு விளக்குமாற்றோடு திரும்பி வந்தால், இரண்டு டைல்ஸ் சேருகிற இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் செடி நிற்கிறது. செடி. வீட்டுக்குள். வெள்ளை டைல்ஸைப் பிளந்துகொண்டு. நான் முதலில் ஏதோ கீரைத்தண்டு விழுந்து கிடக்கிறது என்றுதான் குனிந்தேன். குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன இலை, சிவந்த கொழுந்து, கணுவுக்குக் கணு ஜோடி ஜோடியாக முள். இந்த ராமநாதபுரம் மண்ணில் பிறந்தவளுக்கு இது என்ன செடி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீமைக்கருவை. பிடித்து இழுத்தேன், வரவில்லை. ஒடித்தேன், ஒடியவில்லை, பச்சை நாராக வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துகொண்டது, விரலில் முள் ஏறியதுதான் மிச்சம். அரிவாள்மணையை எடுத்து வரலாம் என்று ஒரு எட்டு வைத்தேன், வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். அவ்வளவுதான், கைக்கு அகப்பட்டது இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி, இழுத்து அதன் மேல் போட்டேன், உட்கார்ந்தேன், சேலையை நாலு பக்கமும் பரத்திவிட்டேன். "வாங்க, வாங்க" என்றேன். அப்போது உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்க முடியாது. எழுந்தால் போச்சு. எதிரே சோபாவில் வீடு வாங்க வந்த புருஷன் பெண்டாட்டி இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அருள்பிரகாசம், சுகந்தி, போன தடவையே வந்து பார்த்துப் பிடித்துப்போய், இன்றைக்கு அட்வான்ஸோடு வந்திருக்கிறார்கள், புரோக்கர் மலைச்சாமியும் கூட வந்திருக்கிறான், டீப்பாய் மேல் தட்டு இருக்கிறது, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் கிழங்கு, நடுவில் ஒரு மஞ்சள் கவர். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் தட்டு கை மாறிவிட வேண்டும், இரண்டு வீட்டுப் பொம்பளைகளும் கிழக்கே பார்த்து நின்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவளுடைய மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். நின்று. நான் எப்படியம்மா நிற்பேன்? என் முழங்காலுக்குக் கீழே ஒரு மரம் வளர்ந்துகொண்டிருக்கிறது. சிரிப்பு வந்தது எனக்கு, அடக்கினேன், அடக்கியதும் வேறு என்னவோ வந்தது. பயமா, என்னவென்று தெரியவில்லை. பாம்பைக் கண்டால் கூட இப்படி இருக்காது, பாம்பு எங்கிருந்தோ வந்தது, எங்கேயோ போகும். இது வரவில்லை. இது இங்கேயே இருந்திருக்கிறது. நான் கோலம் போட்டபோது, காப்பி ஆற்றியபோது, என் வீட்டுக்காரரைச் சாய்த்து உட்காரவைத்து வாய் துடைத்துவிட்டபோது, எல்லாம் இது கீழே இருந்திருக்கிறது, இருட்டுக்குள், அவசரமே இல்லாமல்.

"காப்பி சாப்பிடுறீங்களா?" என்று வாய் கேட்டுவிட்டது. பழக்கம். கேட்டபிறகுதான் யார் போடுவது என்று உறைத்தது. "காலு மரத்துப்போச்சு தாயி, காலையில இருந்து ஒரே வேலை, ஒரு நிமிசம் இருங்க" என்று இழுத்தேன். சுகந்தி துள்ளி எழுந்துவிட்டாள். "அய்யோ, நீங்க உக்காருங்கக்கா. நானே போட்டு எடுத்தாறேன். இனிமே எங்க அடுப்படிதானே!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். முப்பது வயசு இருக்குமா, கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின், நெற்றியில் திருநீறு, போன தடவை வந்தபோது சமையலறைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "கல்யாணமானதுல இருந்து வாடகை வீடுக்கா, ஒரு ஆணி அடிக்க விட மாட்டாங்க, சாமி படத்தையெல்லாம் தரையில சாய்ச்சுத்தான் வச்சிருக்கேன்" என்று சொன்னவள். அதைக் கேட்டு எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் இருந்திருக்கலாம். முன்னால் வந்தாரே ஒரு ஆள், செருப்பைக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குள் போனவர், அவர் வாங்கியிருந்தால் இந்த முள்ளை நானே தண்ணீர் ஊற்றி வளர்த்துக் கொடுத்திருப்பேன்.

உள்ளே ஜன்னல் திரையை விலக்குகிற சத்தம். விலக்காதே, விலக்காதே. விலக்கிவிட்டாள். "அக்கா, பக்கத்து பிளாட்டு ஒரே முள்ளுக் காடாக் கெடக்குதே, பாம்பு கீம்பு வருமா?" அந்த ஜன்னல்தான் இந்த வீட்டுக்குப் பிடித்த சனியன். வீடு விற்கப் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் ஹாலைப் பார்த்துச் சிரித்த முகம், அந்த ஜன்னலைத் திறந்ததும் சுருங்கிப்போனது. பக்கத்து மனைக்காரர் மலேசியாவில் இருக்கிறார், மனை வாங்கிப் போட்டதோடு சரி, கருவைக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் போர்த் தண்ணீரை எல்லாம் அது குடித்துவிடும் என்றார். ஒருத்தர் கொசு என்றார். ஒரு பெரியவர், மகளுக்காக வீடு பார்க்க வந்தவர், ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வேரு வீட்டுக்கு அடியில வந்திருக்கும்மா" என்றார். நான் விட்டேனா? "அப்படின்னா நீங்க குளத்துக்கு நடுவுல வீடு பாருங்கய்யா, அங்கேதான் வேரு வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாய் இருக்கிறதே எனக்கு. அவர் போனபிறகு நானே பொக்லைன் வண்டிக்குச் சொல்லி, ஊரான் மனையை என் காசில் சுத்தம் பண்ணினேன், ஐப்பசி மழை இரண்டு பெய்தது, முன்னைவிட அடர்த்தியாக வந்து நிற்கிறது. கடைசியில் திரை வாங்கி மாட்டினேன். பூப்போட்ட திரை. "பாம்பெல்லாம் வராது தாயி, பதினெட்டு வருசமா இருக்கோம், ஒரு தேளு பார்த்ததில்ல" என்று இங்கிருந்தே கத்தினேன். தேள் பார்த்திருக்கிறேன். பாம்புகூட ஒரு தடவை.

இவர் என்னையே பார்க்கிறார். ஹாலின் அந்தப் பக்கம், சுவரோரம், தலையணை வைத்த நாற்காலியில், வலது கையை மடியில் எடுத்து வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் பிடித்து இழுத்ததையும் பார்த்தார், முள் குத்தியதும் விரலை வாயில் வைத்ததையும் பார்த்தார், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததையும் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷன், டிக்கெட் எடுக்காதவனைக் கண்ணைப் பார்த்தே பிடிப்பார் என்று பேர், என் கள்ளத்தனம் அவருக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் அவரால் சொல்ல முடியாது. போன மாசியில் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். உயிர் தங்கியது, கால் கொஞ்சம் தங்கியது, பேச்சு போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "ரைட்." தண்ணீர் வேண்டுமா என்றால் ரைட். வேண்டாமா என்றால் ரைட். வலிக்கிறதா, ரைட். மகள் திலகா மதுரையிலிருந்து வந்து அப்பா அப்பா என்று கட்டிக்கொண்டு அழுதபோதும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே ரைட், ரைட். ஆயிரம் வார்த்தை பேசிய வாய். என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் பேசிய வாய். மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொன்னார், "அவருக்கு எல்லாம் புரியுதும்மா, உள்ள வார்த்தை இருக்கு, வெளிய வர வழிதான் அடைஞ்சிருக்கு. தினமும் கூட்டிட்டு வாங்க, வந்துரும். ஒரு வருஷம் தாண்ட விட்டுட்டீங்கன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்." தினமும் என்றால் இங்கிருந்து எப்படி? பஸ்ஸில் போய்வந்தாலே மனுஷன் இரண்டு நாள் படுத்துவிடுகிறார். இந்த வீட்டை விற்றால், திலகா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் கீழ்த்தளமாக ஒரு சின்ன வீடு பேசி வைத்திருக்கிறோம், அங்கிருந்து பயிற்சிக்கு ஆட்டோவில் போய்விடலாம். விற்றால். மாசி வருவதற்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது? வேண்டாம், எண்ணாதே. எண்ணினால் விரல் மடக்குவேன், விரல் மடக்கினால் சேலை அசையும்.

எல்லாம் முகூர்த்தத்தால் வந்தது. திலகாவின் நிச்சயதார்த்தத்துக்கு ஹால் பத்தாது என்று பக்கவாட்டுச் சந்தைச் சேர்த்து நீட்டிக் கட்டினோம், வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் சும்மா கிடந்த இடம், அதில் ஒரு கருவை தொடைத் தண்டிக்கு நின்றது. மரத்தை வெட்டியாயிற்று, தூரைத் தோண்டி எடுக்க வேண்டும், சந்துக்குள் வண்டி நுழையாது, கடப்பாரை போட்டு ஆட்கள் தோண்டத் தோண்ட அது கீழே போய்க்கொண்டே இருந்தது. ஜோசியர் ஒன்பதிலிருந்து பத்துக்குள் கல் வைக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்திருந்தார், அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யார் கல் வைப்பார்கள்? கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அறுத்துத் தரைமட்டமா விட்டு, உப்பும் டீசலும் ஊத்தி மூடிருவோம், பட்டுப்போயிரும்" என்றார். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன், நல்ல நேரம் போகிறதே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, உயிரோடு இருந்த ஒரு தூரின் மேல் மணலைக் கொட்டி, குங்குமம் வைத்துக் கல் வைத்தோம். அந்த நல்ல நேரம்தான் இப்போது என் காலுக்கு நடுவில் கொழுந்து விட்டிருக்கிறது. பட்டுப்போயிருக்கும் என்று இரண்டு வருஷமாக நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை, பட்டுப்போகாமல் இருக்கும் என்றும் நினைக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. அது மட்டும் மறக்கவில்லை போலிருக்கிறது.

சுகந்தி டம்ளர்களோடு வந்தாள். எனக்கு முதலில் கொடுத்தாள். என் வீட்டுக் காப்பியை எனக்கே. வாங்கக் கை நீட்டியபோது உடம்பு முன்னால் சாய்ந்தது, சேலை ஒதுங்கியது, கொழுந்து வெளியே தலைநீட்டியது. பச்சென்று, வெள்ளைத் தரையில். சட்டென்று வலது காலைத் தூக்கி அதன் மேல் வைத்து அழுத்திச் சாய்த்தேன். உள்ளங்காலில் முள் ஏறியது. ஒன்று இல்லை, இரண்டு மூன்று. அம்மா என்று கத்தியிருப்பேன், வாய்க்குள் காப்பி இருந்தது, விழுங்கினேன். "நல்லாருக்கா அக்கா? சீனி போதுமா?" என்கிறாள். "அமிர்தமா இருக்கு தாயி" என்றேன். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, அவள் அதை வேறு என்னவோ என்று நினைத்துக்கொண்டு, "விட்டுட்டுப் போறது உங்களுக்குக் கஷ்டமாத்தான்க்கா இருக்கும். நான் நல்லா வச்சுக்குவேன், கவலைப்படாதீங்க" என்று என் தோளைத் தொட்டாள். தொடாதே பெண்ணே. என் மேல் இரக்கப்படாதே. நீ எதை நல்லா வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று உனக்குத் தெரியாது. காலை லேசாகத் தளர்த்தினால் அது மேலே உந்துகிறது. ஒரு சாண் செடிக்கு இத்தனை பலமா? அழுத்தினேன், உந்தியது, அழுத்தினேன். நாளைக்கு இவள் குடிவந்து இந்த இடத்தில் பாய் போட்டுப் பிள்ளையைத் தூங்கப்போட்டால்? பிள்ளை இல்லை இன்னும். வரும். ஆறு மாசத்தில் டைல்ஸ் எல்லாம் பெயர்ந்துவிடும், சுவர் விரிசல் விடும், அப்போது என்னைச் சபிப்பாள், இந்த வாயால்தான் சபிப்பாள், சீனி போதுமா என்று கேட்ட வாயால். சொல்லிவிடு. சொன்னால் எழுந்து போய்விடுவார்கள், ஊரெல்லாம் தெரிந்துவிடும், அப்புறம் யார் வருவார்? அப்புறம் இவர் சாகும்வரை ரைட், ரைட். சொல்லாதே. உட்கார். அரிவாள்மணையால் சாயங்காலம் அறுத்துவிடலாம், டைல்ஸை ஒட்டவைத்துவிடலாம், கிரயம் முடிகிறவரை தெரியாது. என்ன மனசு இது, இப்படியெல்லாம் யோசிக்கிறது. என்னுடையதுதானா என்றே எனக்குத் திகைப்பாக இருந்தது.

அருள்பிரகாசம் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கையில் காசு வைத்திருக்கிறவர்களுக்கு வருகிற கனைப்பு அது. "சார், பக்கத்து முள்ளை நாங்கதான் வெட்டிக்கிட்டே இருக்கணும். வீட்டுக்கு மதிப்பு அதனாலயே குறைஞ்சுதான் பேசுறாங்க. ஒரு லட்சம் பாத்துச் செய்யக்கூடாதா?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார். இவருக்குக் கையில்தான் கோளாறு என்று மலைச்சாமி சொல்லி வைத்திருக்கிறான், பேச்சு விஷயத்தை மறைத்துவிட்டான், தெரிந்தால் இன்னும் அடித்துப் பேசுவார்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தெளிவாக, கம்பீரமாக, "ரைட்" என்றார். அருள்பிரகாசத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மலைச்சாமி காப்பி புரையேறி இருமினான். "அண்ணே!" என்றான். "ரைட், ரைட்" என்றார் இவர். "சாருக்குப் பெரிய மனசு" என்று அருள்பிரகாசம் எழுந்து இவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். போயிற்று ஒரு லட்சம். வேறு நாளாக இருந்தால் நான் மலைச்சாமியையும் சேர்த்து ஒரு பிடி பிடித்திருப்பேன். இன்றைக்கு, போகட்டும், சீக்கிரம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றிருந்தது. ஆனால் இவர் கண் அவர் மேல் இல்லை. இவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். பாதத்துக்கு ஓரமாக, வெள்ளை டைல்ஸின் இணைப்பு வழியாக, ரத்தம் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. இடது காலை நகர்த்தி அதை மறைத்தேன். பார்க்காதீங்க, அங்கிட்டுப் பாருங்க என்று கண்ணால் சொன்னேன். அவர் நகரவில்லை. அவர் நெற்றி சுருங்கியது, வாய் ஒரு பக்கமாக இழுத்தது, மறுபடியும் வாதம் வந்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. கடவுளே, இப்போது வேண்டாம்.

"நேரமாச்சு, பத்து இருபது. ராகுகாலத்துக்கு முன்னாடி மாத்திக்கிருவோம்" என்று மலைச்சாமி அவசரப்படுத்தினான். சுகந்தி தட்டை எடுத்தாள், எனக்கு எதிரே வந்து கிழக்கு எது என்று பார்த்துத் திரும்பி நின்றாள். "எந்திரிங்கக்கா." "காலு இன்னும் மரத்துப்போயிதான் இருக்கு தாயி. உக்காந்துக்கிட்டே வாங்கிக்கிறேனே" என்றேன். என் குரல் எனக்கே பிச்சைக்காரி குரல் மாதிரிக் கேட்டது. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள், மாமியார் சொன்னது மனசுக்குள் ஓடியிருக்கும், பிறகு முகம் மலர்ந்தது. "பரவால்லக்கா. நீங்க பெரியவங்க, உக்காந்தே வாங்கிக்குங்க. மொதல்ல ஆசீர்வாதம் பண்ணுங்க, நல்லா வாழணும்னு" என்று சொல்லிக்கொண்டே தட்டைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் காலடியில் மண்டி போட்டாள். யார்தான் காலில் விழுகிற பெண்ணை வேண்டாம் என்பார்கள், என்ன சொல்லித் தடுப்பது? அவள் இரண்டு கையும் என் சேலைக் கரைக்குக் கீழே வந்தது. வளையல் போட்ட, மஞ்சள் பூசிய கை. முள்ளுக்கு நேராக.

"மங்களம்."

என் பெயர் மங்களேஸ்வரி. எங்கள் வீட்டில் மங்கா, ரேஷன் கார்டில் மங்களேஸ்வரி, மங்களம் என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஆள். யாரோ கூப்பிட்டார்கள் என்றுதான் முதலில் திரும்பினேன், வாசலில் யாரோ என்று. "மங்களம். கால்ல... கால்ல முள்ளு." சுவரோரமிருந்து வந்தது. குழறிக்கொண்டு, எச்சில் வழிய, இடது கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு, எழுந்திருக்கப் பார்க்கிற மாதிரி பாதி தூக்கிய உடம்போடு. "முள்ளு. முள்ளு. எடு." மலைச்சாமியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவனுக்குத்தான் தெரியும், இந்த வீட்டில் மாசியிலிருந்து என்ன கேட்காமல் போயிற்று என்று. சந்தோஷமா என்று கேட்டால் சந்தோஷம் இல்லை அது, யாரோ முகத்தில் ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. வந்துவிட்டது. மதுரைக்குப் போகாமலே வந்துவிட்டது. மூன்று சொல், நாலு சொல், என் பெயரோடு சேர்த்து. எதற்காக வாயை மூடிக்கொண்டு முள்மேல் உட்கார்ந்திருந்தேனோ, அதைக் கெடுக்கிறதற்கென்றே வந்துவிட்டது. இல்லை, கெடுக்க இல்லை. என் ரத்தத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் பார்த்தார். வீடு, அட்வான்ஸ், தட்டு, ராகுகாலம் எதையும் பார்க்கவில்லை, இந்தப் பெண் கை வைக்கப்போகிறாள் என்பதைக்கூடப் பார்த்தாரோ என்னவோ.

சுகந்தி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். "என்னக்கா சொல்றாரு சார்? என்ன முள்ளு?" மலைச்சாமி அதற்குள் சுதாரித்துக்கொண்டான், தொழில்காரன், சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். "ஒண்ணுமில்லம்மா, அண்ணனுக்குப் பிரஷரு ஏறிச்சுன்னா இப்படித்தான் சம்பந்தமில்லாம என்னமாவது உளறுவாரு. இல்லக்கா? நீங்க சொல்லுங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆமாம், உளறுகிறார். சொன்னால் தட்டு கைக்கு வரும், மதுரை வரும், தினமும் பயிற்சி வரும், டாக்டரம்மா படம் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டு, ஒவ்வொரு சொல்லாக வாங்குவார், இவருக்கு எல்லாம் திரும்ப வந்துவிடும். உதட்டு நுனிவரை வந்துவிட்டது அந்த ஆமாம். இவர் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. எங்கே எந்த இருட்டில் தேடி எடுத்தாரோ, எத்தனை தடவை தப்பான சொல் வந்து அதைத் தள்ளிவிட்டு இதைப் பிடித்தாரோ. சரியாகச் சொன்னேனா என்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை மட்டும்தான். உளறல் என்று நான் சொல்வதும் அவருக்குக் கேட்கும். எல்லாம் புரிகிறது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே.

"உளறல் இல்ல" என்றேன். "சரியாத்தான் சொல்றாரு. முள்ளுதான்." காலை எடுத்தேன்.